விபத்து நடந்த அன்றே எழுத வேண்டிய கணக்கு



ஐம்பது ரூபாய்க் கடனையும் நாம் கொப்பியில் எழுதி வைக்கிறோம். சூரா பகராவின் 282 ஆவது வசனம் கடனை எழுதவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுவதை ஜும்ஆ மேடைகளில் கேட்டே வளர்ந்தோம். ஆனால் வீதியில் கை கால் அடிபட்டால் மட்டும் "கத்ர்" என்று சொல்லி, எதையும் எழுதாமல் வீடு திரும்புகிறோம். நானும் அப்படித் திரும்பியவன்தான்.

2016 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காக வேனில் புடைவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புறப்பட்டேன். மாங்குளம் சந்தியில் திரும்பிச் சிறிது தூரம் போனதும், எதிரே மணலுடன் வந்த டிப்பர் ஒரு மோட்டார் சைக்கிளை முந்த முயன்று எனது வேனின் வலப்பக்கத்தில் மோதியது. முழங்கால் வீங்கியது. சின்ன அடிதானே என்று வைத்தியசாலைக்குப் போகவில்லை. மறுநாள் பொலிஸில் டிப்பர்காரர் 20,000 ரூபாய் தந்தார். பெருநாள் நெருங்குகிறது, சரக்கு வேனில் கிடக்கிறது. சிங்களத்தில் எழுதியிருந்த தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் படி ஏற முடியவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்திருப்பதாக வைத்தியர் சொன்னார். சத்திரசிகிச்சைச் செலவு கடையின் முதலிலிருந்து போனது. கடை நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. சட்டத்தரணியிடம் போனேன். அவர் அந்தத் தாளின் பிரதியை எடுப்பித்து வாசித்துக் காட்டினார். எனக்குக் காயம் எதுவுமில்லை, இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நானே சொன்னதாக எழுதியிருந்தது. "வழக்கு வைக்கலாம் நானா. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது இந்தத் தாளைத்தான்" என்றார். காயத்துக்கு வைத்தியசாலைப் பதிவும் இல்லை. நான் விட்டுவிட்டேன். அந்த நட்டத்தில் கற்றதைக் கீழே தருகிறேன்.

1. முதலில் வைத்தியசாலை. எனக்கு அடிபட்ட நாளில் வடக்கில் 1990 அம்பியூலன்ஸ் சேவை இல்லை. 2018 ஜூலையில் அது வந்துவிட்டது, கட்டணமும் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் விபத்து என்றே சொல்லிப் பதியுங்கள். சின்ன நோவையும் மறைக்காதீர்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்று கேளுங்கள். துண்டு வெட்டும்போது தரும் அட்டை, எக்ஸ்ரே, மருந்துப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள்.

2. இடத்தைப் படம் பிடியுங்கள். வாகனங்களை நகர்த்துமுன் அவை நின்ற நிலை, டயர் அடையாளம், இலக்கத் தகடு, மற்றவரின் காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் எடுங்கள். உங்களால் முடியாவிட்டால் உடன் வந்தவரிடம் சொல்லுங்கள். பார்த்தவர்கள் இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். மரியாதைக்காக "என்னிலும் பிழைதான்" என்று சொல்லிவிடாதீர்கள். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் பங்குக் கவனயீனத்துக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். யார் பிழை என்பதைத் தீர்ப்பவர் தீர்க்கட்டும்.

3. விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம். தமிழும் அரசகரும மொழி. வடக்கில் நிர்வாக மொழியும் தமிழே. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி அமைதியாகக் கேளுங்கள். எழுதுபவர் இல்லையென்றால் வாசித்து மொழிபெயர்த்துச் சொன்ன பிறகே கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. சமாதானத்துக்கு அவசரப்படாதீர்கள். மன்னிப்பது நன்மைதான். ஆனால் எவ்வளவை மன்னிக்கிறோம் என்று தெரிந்து மன்னிக்க வேண்டும். வாகனச் சேதத்துக்கு மட்டும் பணம் வாங்குவதாயின், உடற்காயத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற வரியையும் எழுதச் செய்யுங்கள்.

5. வருமானத்தைக் காட்டத் தயாராகுங்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கடை பூட்டியதால் எவ்வளவு நட்டம் என்று நீதிமன்றம் கேட்டால் வாய்க்கணக்கு செல்லாது. நாட்குறிப்பு, வங்கிச் சீட்டு, மொத்த வியாபாரியின் பில், வரிக்கோவை இவையே பேசும். நீங்கள் படுத்திருந்தபோது கடை பார்த்தவருக்குக் கொடுத்த சம்பளத்துக்கும் கையெழுத்து வாங்குங்கள்.

6. இரண்டு வருடத்தை மறக்காதீர்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய நட்டஈட்டு வழக்கை 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீதிவான் நீதிமன்றத்தில் பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் பலர். அது வேறு, மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் வைக்கும் வழக்கு வேறு. முன்னது இழுபட்டாலும் பின்னதன் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற வாகனத்தின் காப்புறுதிக் கம்பனிக்கும் உரிய நேரத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே முதல் மாதத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

7. பயணியாக இருந்தாலும் உரிமை உண்டு. 2022 நவம்பர் 5 ஆம் திகதி அதிகாலை, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற சொகுசு பஸ் வவுனியா நொச்சிமோட்டையில் புரண்டு 3 பேர் உயிரிழந்தனர். கொள்வனவுக்காகக் கொழும்புக்கும், குடும்பத்தைப் பார்க்கப் புத்தளத்துக்கும் நாம் இரவு பஸ்ஸில்தான் போகிறோம். வீடு சேரும்வரை டிக்கட்டை எறியாதீர்கள். மோதிய வாகனம் தப்பியோடினாலும் கைவிடாதீர்கள். வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையின் நிதியத்தில் அதற்கும் நட்டஈடு கோரலாம். பொலிஸ் முறைப்பாடு கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இல்லாத நோவைச் சொல்லி, பொய் பில் வைத்துக் கேட்பது ஹராம். உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்பது பேராசையல்ல. அந்தப் பணம் நமது பிள்ளைகளின் சோறு, நமக்குக் கடன் தந்தவரின் அமானிதம். இரவில் கடை பூட்டும்போது கணக்கை முடித்துவிட்டுத்தான் போகிறோம். விபத்தின் கணக்கையும் அன்றே எழுதுங்கள்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.