நீச்சல் குளத்திலிருந்து ஓர் அறிவியல் பாடம்

வருசநாட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் புதிதன்று. மூல வைகையில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஆற்றிலும், மற்ற நாள்களில் தோட்டத்துக் கிணற்றிலும் பழகிவிடுகிறார்கள். அதனால் ஒன்பதாம் வகுப்பில் மிதப்பு விசையை நடத்தும்போது ஒரு நீச்சல் வீரரின் வாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறேன்.

மகாராட்டிர மாநிலம் சாங்கலி மாவட்டத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டு பாய்ந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காகவே நீந்தத் தொடங்கினார். 1972இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 விநாடிகளில் நீந்தி, தம் பிரிவில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுவே. பத்மஸ்ரீ விருது 2018இல்தான் கிடைத்தது.

“நிற்க முடியாதவர் எப்படி நீந்தினார்?” என்று கேட்பேன். கிணற்றில் இறைக்கும் வாளி தண்ணீருக்குள் லேசாகவும், வெளியே வந்ததும் கனமாகவும் இருப்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். உடலையும் நீர் அப்படித்தான் தாங்குகிறது. ஆனால் அசையாத கால்கள் தாழ்ந்து நீரின் தடையைக் கூட்டும். முன்னேறும் வேலை முழுவதும் கைகளுக்கே.

இன்றைய பாரா நீச்சலில் உடல் இயக்கக் குறைபாட்டுக்கு 10, பார்வைக் குறைபாட்டுக்கு 3, அறிவுசார் குறைபாட்டுக்கு 1 எனப் பிரிவுகள் உள்ளன. மேடையிலிருந்து குதிக்க இயலாதவர் நீருக்குள்ளிருந்தே தொடங்கலாம். இவை சலுகைகள் அல்ல. போட்டியைச் சமமாக்கும் விதிகள்.

ஆசிரிய நண்பர்களே, விளையாட்டுப் பாடவேளையில் நம் மாற்றுத்திறனாளி மாணவர் எங்கே இருக்கிறார்? பல இடங்களில் புத்தகப் பைகளுக்குக் காவலாக வகுப்பறையில் இருக்கிறார். மற்றவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவருக்கு அளித்திருக்கிறது. நீச்சலுக்கு மருத்துவரின் ஒப்புதல், பயிற்சியாளர், பாதுகாப்பான குளம் மூன்றும் வேண்டும். கிணறும் ஆறும் அதற்கு இடமல்ல. ஆனால் மைதானத்தில் விதியை மாற்ற நம்மால் முடியும்.

பாடத்தின் முடிவில் ஒரு செயல்பாடு தருகிறேன்: நடக்க இயலாத நண்பரும் ஆடும்படி பந்து எறியும் போட்டிக்கு விதி எழுதுங்கள். ஒரு மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள்: “எல்லாரும் உட்கார்ந்துதான் எறியணும்.” அந்த வார விளையாட்டுப் பாடவேளையில் அப்படியே ஆடினோம். வகுப்பறையில் காவலுக்கு ஒருவரும் இல்லை.