ஆக்கியோன் போன பின்: கைவிடப்பட்ட மோடுகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறி விளையாட்டு என்றதும் முகம் சுளிக்கும் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நான் எழுதப் புகுந்தது விளையாடுவதைப் பற்றியன்று. வெளிவந்த ஒரு விளையாட்டில் ஆர்வலர்கள் ஊதியமின்றி எழுதிச் சேர்க்கும் துணைநிரலுக்கு 'மோட்' என்று பெயர். அதை ஆக்கியவர் படிப்பு, வேலை, குடும்பம் என்று ஒருநாள் விலகிவிடுகிறார். பிறகு அது யாருடையது? அதை யார் பேணுவது?

பேணாவிட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். மூல விளையாட்டு புதுப்பிக்கப்படுந்தோறும் மோடும் திருத்தப்பட வேண்டும். 2011இல் வெளிவந்த ஸ்கைரிம் விளையாட்டுக்கு 2021 நவம்பரில் ஒரு புதுப்பிப்பு வந்தது. டிஎல்எல் கோப்புகளாக இருந்த மோடுகள் பல அன்றே செயலிழந்தன. மூலநிரல் வெளியிடப்பட்டிருந்தவற்றைப் பிறரும் திருத்த முடிந்தது. ஏனையவை ஆக்கியோனை எதிர்பார்த்து நின்றன.

கைமாறி வாழ்ந்த மோடுக்குச் சிறந்த சான்று டோட்டா ஆகும். வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்காக 'யூல்' என்ற புனைபெயருடையவர் 2003இல் இதை ஆக்கினார். அவர் விலகியதும் பலர் பலவாறு வளர்த்தனர். 'குயின்சூ' தொடர்ந்தார், 2005இல் 'ஐஸ்ஃப்ராக்' ஏற்றார். 2013இல் வால்வ் நிறுவனத்தின் டோட்டா 2 ஆக அது தனி விளையாட்டாயிற்று. இதில் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. விரும்புவோர் தம் அனுமதியின்றியே புதிய பதிப்பு வெளியிடலாம், தம் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதும் என்ற கருத்தில் யூல் 2004இல் சில வரிகள் எழுதியிருந்தார். அவர் உரிமையையே துறந்தாரா, பிறருக்கு இசைவு மட்டும் அளித்தாரா என்று 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அவ்வரிகள் ஆராயப்பட்டன! போகிற போக்கில் எழுதியதற்கு இவ்வளவு கனம்.

இனி என் கதை. மைன்கிராஃப்டில் வயலுக்கு மடை திறந்து நீர் பாய்ச்சும் சிறு மோட் ஒன்று எனக்குப் பிடித்தமானது. புதிய பதிப்பில் அது ஓடவில்லை. மூலநிரல் கிட்ஹப் தளத்தில் கிடந்தது. பெயர் மாறிய சில செயற்கூறுகளை மூன்று இரவுகளில் திருத்தினேன், மடை திறந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பெயர் தாங்கிய ஒன்றை உலகம் காணப் போகிறது என்ற எண்ணம் உறங்க விடவில்லை.

வெளியிடுமுன் உரிமக் கோப்பைத் தேடினேன்; இல்லை. உரிமம் இல்லையென்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நேர்மாறு. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு. அவர் இசைவு தரும்வரை பார்க்கலாம், பரப்பலாகாது. எம்ஐடி, ஜிபிஎல் போன்ற உரிமத்தை அவர் முன்பே சேர்த்திருந்தால் இத்தடை இராது. மனமில்லா மனத்தோடு அவருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

காத்திருந்த நாட்களில் கற்றவை சில. ஏற்பவர் மோடின் அடையாளச் சொல்லை மாற்றக் கூடாது. சேமித்த உலகில் ஒவ்வொரு பொருளும் அச்சொல்லோடுதான் பதிந்துள்ளது. மாற்றினால் பழைய ஆட்டக்காரர் கட்டிய மடைகளெல்லாம் மறைந்துபோம். விலகுபவரோ தம் கடவுச்சொல்லைத் தூக்கிக் கொடுத்தலாகாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட் ஆக்குநர் சிலரின் கணக்குகள் வழியே தீநிரல் பரப்பப்பட்டது. புதியவரின் திருத்தங்களைச் சில மாதம் படித்துப் பார்த்தபின் உடன் பொறுப்பாளராகச் சேர்ப்பதே நன்று. கேட்டவுடன் கொடுக்கச் சொல்லும் அவசரக்காரர்களுக்கு (நானும் ஒருவன்) இது கசக்கும்.

முப்பத்தாறாம் நாள் மறுமொழி வந்தது. விளையாட்டைத் திறந்தே நான்கு ஆண்டுகளாயின என்று எழுதியிருந்தார். எம்ஐடி உரிமத்தை அன்றே சேர்த்தார். என் திருத்தத்தில் இரண்டு பிழைகளையும் சுட்டினார். அவர் பெயருக்குக் கீழே இப்போது என் பெயர் உள்ளது.

அடுத்த ஆண்டு எனக்கு இறுதியாண்டு. ஜாவா பயிலும் முதலாமாண்டு நண்பர் எவரேனும் விரும்பினால் மாலை வேளைகளில் கணிப்பொறி ஆய்வகத்தில் என்னைக் காணலாம்.