இடப்புறப் பெருஞ்சிரை

மானிட இருதயங்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்று எண்ணுதல் மாணாக்கருக்கு இயல்பே. ஆயினும் அதன் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுதலும் உண்டு. அதற்கு ஓர் உதாரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

இரத்தத்தை இருதயத்திற்குக் கொணரும் குழாய் சிரை எனப்படும். தலையினின்றும் கைகளினின்றும் திரும்பும் இரத்தம், மார்பின் வலப்புறத்துள்ள மேற்பெருஞ்சிரை வழியாய் வலது மேலறையை அடைகின்றது. கரு உருவாகுங்காலத்திலோ இத்தகைய சிரை இருபுறமும் உண்டு. இடப்புறத்தது பிறப்பதற்கு முன்னரே பெரும்பாலும் மறைந்துபோம். ஆயிரம் பேரில் ஏறக்குறைய 3 முதல் 5 பேரிடத்து அது மறையாது நிலைத்து, இருதயத்தின் பின்புறத்தேயுள்ள சிரைக்குடா என்னும் குழாய் வழியாய்ப் பெரும்பாலும் அதே வலது மேலறையிற் சேரும். இரத்தம் சேரவேண்டிய இடத்தையே சேர்தலால், வேறு குறையில்லாதவருக்கு இதனால் துன்பமில்லை. பலர் ஆயுள் முழுதும் இதனை அறியார்.

சிகிச்சை வேண்டியபோதே இதன் முக்கியம் விளங்கும். துடிப்பை ஒழுங்குசெய்யும் பேஸ்மேக்கர் கருவியை இடது காறையெலும்பின்கீழ் வைப்பது பெருவழக்கு. இச்சிரை உள்ளவரிடத்து அக்கருவியின் கம்பி முதுகெலும்பின் இடப்புறமாய் இறங்கி, கடிய வளைவொன்றைக் கடந்தே வலது கீழறையை எட்டவேண்டியதாகும். இருதயத்தை நிறுத்திச் செய்யும் சத்திரசிகிச்சையில், சிரைக்குடா வழியே செலுத்தும் காப்புத் திரவமும் இச்சிரையுட் புகுந்து, இருதயத் தசையைச் செவ்வனே சேராது ஒழியலாம்.

ஆதலின், எதிரொலிச் சோதனையில் சிரைக்குடா பருத்துக் காணப்படின் வைத்தியர் ஐயுற்று, நுண்குமிழிகள் நிறைந்த உப்புநீரை இடக்கைச் சிரையிற் செலுத்துவர். குமிழிகள் வலது மேலறைக்கு முன்னே சிரைக்குடாவில் தோன்றின் ஐயம் நீங்கும். நூலிலுள்ள படம் பெரும்பான்மையோரைக் காட்டுவது. நோயாளியின் இருதயத்தை ஆராய்ந்து அறிந்தபின்னரே கருவியைக் கையிலெடுத்தல் தகும்.