சமாதியும் எண்ணும்

யோகாங்கம் எட்டனுள் இறுதியில் நின்ற தாரணை, தியானம், சமாதி என்னும் மூன்றும் தம்முள் வேறோ, ஒன்றன் வளர்ச்சியோ என்பது மாணாக்கர்க்கு நிகழும் ஐயம். அதனை ஈண்டு எண்ணின் வாயிலாக ஆராய்வாம்.

பதஞ்சலியார் யோகசூத்திரத்து மூன்றாம் பாதத்திலே, சித்தத்தை ஓரிடத்துக் கட்டுதல் தாரணை எனவும், ஆண்டு ஒரே உணர்வு இடையறாது ஓடுதல் தியானம் எனவும், அத்தியானமே பொருள் மாத்திரமாய் விளங்கித் தன்னுருவம் இல்லதுபோல் ஆதல் சமாதி எனவும் இலக்கணம் வகுத்தார். கூர்ம புராணம் அவற்றிற்கு அளவுங் கூறும்: பிராணாயாமம் 12 கொண்டது தாரணை, தாரணை 12 கொண்டது தியானம், தியானம் 12 கொண்டது சமாதி. எனவே, தியானம் 144 பிராணாயாமம்; சமாதி 1,728. இதனால் மூன்றும் ஒன்றன் வளர்ச்சியே என்பது பெறப்படும்.

அற்றேல், அளவு பெருகப் பெருக ஆன்மா சிவமேயாய்விடுமோ எனின், வட்டத்தை நோக்குக. வட்டத்தினுள் அறுகோணம் வரைந்து பக்கங்களை இரட்டித்துச் செல்லின், 12, 24, 48, 96 என வளர்ந்து அது வட்டத்தை அணுகும். கிரேக்கராகிய ஆர்க்கிமிடீசு 96 பக்கங்காறும் சென்று பரிதியை அளந்தார். கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயம் விட்டம் 20,000-க்குப் பரிதி 62,832 என்று கூறி, அதனையும் ‘ஆசன்னம்’, அஃதாவது அணுகியது, என்றே மொழிந்தது. பக்கம் எத்துணைப் பெருகினும் எச்சம் சிறுகுமன்றி ஒழியாது. வட்டம் அவ்வரிசைக்கு எல்லையாவதன்றி, அதனுள் ஓருறுப்பு ஆகாது.

‘எல்லையில் இரண்டும் ஒன்றாயினவன்றோ’ என்பர் ஏகான்மவாதியர். அது பொருந்தாது, எல்லை என்பது பலகோணங்களுள் ஒன்று எய்தும் நிலையன்று. மேலும், பலகோணம் வட்டத்தைப் படைத்ததில்லை; முன்னரே உள்ள வட்டத்தினுள், மூலைதோறும் அதனைத் தொட்டு நிற்கின்றது. ஆன்மா சிவத்தின் வியாபகத்துள் வியாப்பியமாய் அடங்கி நிற்றலும் இத்தன்மைத்து.

சூத்திரத்தில் ‘இல்லது’ என்னாது ‘இல்லதுபோல்’ என்றமையும் சிந்திக்கற்பாலது. தியானத்தின் உருவமே அற்றொழியாதாயின், தியானிக்கும் ஆன்மா கெடும் என்றல் யாங்ஙனம்? நம் சித்தாந்தமும் யோகத்தின் பயன் சாரூபம் என்னும், சாரூபமாவது உருவொப்புமை. சாயுச்சியமோ ஞானத்தின் பயன். அந்த ஞானம் எண்ணால் ஈட்டப்படுவதன்று. திருவருளாற் குருமுகமாய்ப் பெறப்படுவது.

இவ்வுவமை ஒருபுடை ஒப்பே. கோணம் சடம், ஆன்மா சித்து. கோணத்தின் எச்சத்தை நீக்குவார் இலர். ஆன்மாவின் மலத்தை நீக்க இறைவன் உளன். ஆதலின், யோகம் பயனின்றென்பது எம் கருத்தன்று. அஃது ஆன்மாவை அணுகச் செய்யும். அணுகியதனை அடைவிப்பது அருளே என்க.