கதிர்வீச்சை மறக்காத படிகம்



நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே ஊழியர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். அடுத்த முறை அவருடைய சட்டையைக் கவனியுங்கள். மார்பருகே ஒரு சிறிய பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருக்கும். அதில் பேட்டரி இல்லை, திரை இல்லை, விளக்கும் இல்லை. ஆனாலும் அவர் உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அது நாள் தவறாமல் பதிவு செய்துகொண்டே இருக்கிறது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அந்தப் பேட்ஜ் அவரைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றுமா?" நல்ல கேள்வி. காப்பாற்றாது. காப்பாற்றுபவை ஈயத் தடுப்பும், தூரமும், குறைந்த நேரமும்தான். பேட்ஜ் கணக்கு மட்டுமே சொல்லும். அந்தக் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? அதற்கு நாம் 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

ஒளி இருந்தது, கணக்கு இல்லை

1895 நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் தம் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாயை இயக்கியபோது, சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்ந்தது. எக்ஸ் கதிரைக் கண்ணால் காண முடியாது. அந்தத் திரை ஒளிர்ந்ததால்தான் அது அகப்பட்டது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தாமஸ் எடிசன், கால்சியம் டங்ஸ்டேட் என்ற உப்பு இன்னும் பிரகாசமாக ஒளிர்வதைக் கண்டு, அதைக் கொண்டு உடலின் உட்புறத்தை நேரடியாகப் பார்க்கும் கருவியை உருவாக்கினார். அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டேலி. கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்க, டேலி தம் கையையே திரும்பத் திரும்பக் கதிருக்கு முன்னால் நீட்டினார். வலி தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. பின்னர் தோலில் புண்கள் வந்தன, புற்றுநோய் வந்தது. இரண்டு கைகளையும் அறுவை சிகிச்சையில் இழந்தார். 1904இல், 39 வயதில் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே விட்டுவிட்டார்.

டேலியின் முன்னால் திரை நன்றாகத்தான் ஒளிர்ந்தது. ஆனால் கதிர் நின்றதும் அந்த ஒளியும் நின்றுவிட்டது. மொத்தம் எவ்வளவு பட்டது என்று கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

உடனே ஒளிர்வதும் சேர்த்து வைப்பதும்

கதிர்வீச்சு ஒரு படிகத்தில் பட்டால், அதன் ஆற்றல் படிகத்திலுள்ள எலெக்ட்ரான்களை மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடுகிறது. எலெக்ட்ரான் கீழே திரும்பும்போது, பெற்ற ஆற்றலின் ஒரு பகுதியை ஒளியாக விடலாம். இங்கே இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, உடனே திரும்புவது. அணு மருத்துவத்தில் பயன்படும் காமா கேமரா இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் சிறிது தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் இருக்கும். நோயாளிக்குச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமா ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இப்படிகம் ஒவ்வொரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் சுமார் 38 ஒளி ஃபோட்டான்களைத் தருகிறது. எனவே 140 × 38 = 5,320. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு காமா ஃபோட்டான், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீலநிற ஒளி ஃபோட்டான்களாக மாறுகிறது. ஒவ்வொன்றின் ஆற்றலும் சுமார் 3 எலெக்ட்ரான் வோல்ட்தான். பெருக்கிப் பாருங்கள்: மொத்தம் ஏறக்குறைய 16 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். மீதி ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. ஆற்றல் அழிவதில்லை என்ற விதி இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது வழிதான் பேட்ஜின் ரகசியம். லித்தியம் புளோரைடு படிகத்தில் மிகச் சிறிதளவு மக்னீசியமும் டைட்டானியமும் கலக்கிறார்கள். இந்த அந்நிய அணுக்களால் படிகத்துக்குள் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டாகின்றன. மேலே தூக்கப்பட்ட எலெக்ட்ரான்களில் சில, திரும்பும் வழியில் இந்தப் பள்ளங்களில் விழுந்து மாட்டிக்கொள்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் அவற்றால் எளிதில் மேலேறி வர முடியாது. மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் படும்போதெல்லாம் காசு விழுகிறது. எண்ண வேண்டுமானால் உடைக்க வேண்டும். படிகத்தை உடைக்கும் சுத்தியல், வெப்பம். ஆய்வுக்கூடத்தில் அதைப் படிப்படியாகச் சூடாக்குவார்கள். 200 பாகை செல்சியஸ் அருகில் எலெக்ட்ரான்கள் கூட்டமாக வெளியேறி, மங்கலான நீல ஒளியைத் தருகின்றன. இதற்கு வெப்ப ஒளிர்வு என்று பெயர். ஒளிப்பெருக்கிக் குழாய் அந்த ஒளியை அளக்கிறது. ஒளி அதிகமென்றால் பட்ட கதிர்வீச்சும் அதிகம்.

உண்டியலை ஒரு முறைதான் உடைக்க முடியும். அதுபோல, ஒரு முறை சூடாக்கியதும் பதிவு அழிந்துவிடும். ஆனால் படிகம் வீணாகாது. உயர் வெப்பத்தில் பதப்படுத்தி மீண்டும் பயன்படுத்தலாம். இப்போது பல இடங்களில் கரிமம் கலந்த அலுமினியம் ஆக்சைடு பேட்ஜும் பயன்படுகிறது. அதை வெப்பத்துக்குப் பதிலாகப் பச்சை ஒளி பாய்ச்சிப் படிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சில காசுகளே வெளியே வருவதால், சந்தேகம் இருந்தால் மறுபடியும் படிக்கலாம்.

பேட்ஜை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சொல்வது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

மாதிரிக் கணக்கு

அளவு தெரிந்த 5 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கொடுத்த படிகம் 4,000 ஒளி அலகு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊழியரின் ஒரு மாத பேட்ஜ் 280 அலகு காட்டுகிறது. எக்ஸ்ரே அறைக்கு வெகுதூரத்தில் வைத்த கட்டுப்பாட்டு பேட்ஜ் 120 அலகு காட்டுகிறது. இது மண், கல், விண்வெளியிலிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சு, எல்லாருக்கும் உண்டு. கழித்தால் 160. ஆகவே வேலையில் பட்டது (160 ÷ 4,000) × 5 = 0.2 மில்லிசீவர்ட். இதே அளவில் 12 மாதம் போனால் 2.4 மில்லிசீவர்ட். கதிர்வீச்சுடன் பணியாற்றுவோருக்கு அனைத்துலகப் பரிந்துரை, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். ஆகவே இவர் பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறார். திடீரென ஒரு மாதம் 3 என்று வந்தால், தடுப்பு சரியாக இருந்ததா, இயந்திரம் பழுதா என்று விசாரிப்பார்கள். டேலிக்குக் கிடைக்காத எச்சரிக்கை இதுதான்.

நோயாளிக்கும் காவல்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும்போது அளவு குறைந்தால் கட்டி பிழைத்துக்கொள்ளும்; கூடினால் நல்ல திசு கெடும். எனவே அனைத்துலக அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969 முதல் மருத்துவமனைகளுக்கு அஞ்சலில் லித்தியம் புளோரைடுத் தூள் அடைத்த குப்பிகளை அனுப்பிவந்தன. மருத்துவமனை தன் இயந்திரத்தால் அதற்கு 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்பும். வெளிவரும் ஒளியை அளந்து, வித்தியாசம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடுவார்கள். இன்று தூளுக்குப் பதில் சிறப்புக் கண்ணாடித் துண்டுகள் போகின்றன. நோயாளிக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அவருடைய உயிர் இந்தச் சோதனையையும் நம்பியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. தேர்வில் பலர் செய்யும் தவறு இது: எக்ஸ்ரே பட்ட படிகமோ மனிதரோ கதிரியக்கம் உடையவர் ஆகிவிடுவதில்லை. படிகம் விடுவது வெறும் ஒளி. அது சேமித்தது ஆற்றலை மட்டுமே.

சிந்தித்துப் பாருங்கள்

1. பசார் மாலாமில் விற்கும், இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஒட்டி சில மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. லித்தியம் புளோரைடு மாதக்கணக்கில் தாங்குகிறது. 'பள்ளத்தின் ஆழம்' என்ற கருத்தைக் கொண்டு விளக்குக.

2. மேற்கண்ட கணக்கில் கட்டுப்பாட்டு பேட்ஜைக் கழிக்க மறந்தால் விடை என்ன வரும்? அதனால் என்ன தவறான முடிவு ஏற்படலாம்?

3. ஊழியர் தம் பேட்ஜை எக்ஸ்ரே அறைக்குள் மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பேட்ஜ் சொல்லும் கணக்கு அவருடையதாகுமா?