விழுந்த விலையும் வாங்கும் நேரமும்

அன்புள்ள தங்கைக்கு,

டீமேட் கணக்கு தொடங்கிவிட்டாய். அலுவலகத் தோழர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஆளுக்கொரு பங்கின் பெயரைச் சொல்லிக்கொள்வதாகவும், நல்ல பங்குகளைப் பட்டியலிட்டு வைத்து, சரிவு வரும்போது வாங்கக் காத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். விலை ஏறும்போது பின்னாலேயே ஓடி வாங்குகிறவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் பொறுமைசாலிகள்தான். ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு "விலை குறைவதற்காக" என்பது மட்டுமே பதிலாக இருந்தால் அது போதாது. இன்றைய விலை நேற்றைய விலையைவிடக் குறைவு என்பது விலையைப் பற்றிய செய்தி. அந்தப் பங்குக்குப் பின்னால் இருக்கும் தொழில் எவ்வளவு பெறும் என்பது வேறு செய்தி. இந்த இரண்டாவதை முன்பே யோசித்து எழுதி வைத்தவருக்குத்தான் சரிவு ஒரு வாய்ப்பு. எழுதி வைக்காதவருக்கு அது வெறும் சரிவு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒரே ஒரு நாளைக் கொண்டு விளக்குகிறேன்.

2018 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. அன்று டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 42 சதவீதம் விழுந்தது. 600 ரூபாய்க்கு மேல் இருந்தது 350 ரூபாய் அளவில் வந்து நின்றது. அதே நாளில் யெஸ் வங்கியின் பங்கும் ஏறக்குறைய 29 சதவீதம் சரிந்தது; ஒரு மாதத்துக்கு முன்புதான் அது 400 ரூபாயைத் தொட்டிருந்தது. அந்த வாரங்களில் நிதி நிறுவனப் பங்குகள் பலவும் அடி வாங்கின, பஜாஜ் ஃபைனான்ஸ் உட்பட. விலை வரைபடத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே சாயல்: பல ஆண்டு ஏற்றம், பிறகு செங்குத்தான ஒரு பள்ளம். மூன்றையும் பட்டியலில் வைத்துக் காத்திருந்த ஒருவர், காத்திருந்த நாள் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். பஜாஜ் ஃபைனான்ஸ் அடுத்த ஆண்டே பழைய உச்சத்தைத் தாண்டியது. டிஎச்எஃப்எல் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2021இல் பிரமல் குழுமம் அதை எடுத்துக்கொண்டபோது பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை, பங்கே சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. யெஸ் வங்கியில் 2020 மார்ச் 5 அன்று வாடிக்கையாளர் பணம் எடுப்பதற்கே ரிசர்வ் வங்கி உச்சவரம்பு போட்டது. மறுநாள் பங்கு 6 ரூபாய்க்கும் கீழே போய் வந்தது. மறுசீரமைப்புத் திட்டத்தில் ஸ்டேட் வங்கி ஒரு பங்குக்கு 10 ரூபாய் கொடுத்து உள்ளே வந்தது. பழைய பங்குதாரர்களில் 100 பங்குகளோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் தங்கள் இருப்பில் முக்கால் பாகத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்கவே முடியாது என்று பூட்டுப் போடப்பட்டது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் 220 ரூபாய், 180 ரூபாய், 100 ரூபாய், 50 ரூபாய் என ஒவ்வொரு படியும் யாரோ ஒருவருக்கு "மலிவு" என்று தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் வாங்கி ஆவரேஜ் செய்தவர் தன் நஷ்டத்தைத் தானே பெருக்கிக்கொண்டார்.

நடந்து முடிந்த பிறகு சொல்வது எளிது என்று நீ மறுக்கலாம். நியாயமான மறுப்பு. பங்கு 6 ரூபாய்க்கு வரும் என்று 2018இல் யாராலும் கணித்திருக்க முடியாது. அப்படிக் கணிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வங்கியின் வாராக்கடன் கணக்கில் கோளாறு இருப்பது சரிவுக்கு ஓராண்டு முன்பே வெளியான செய்தி. 2017 மார்ச் முடிவில் மொத்த வாராக்கடன் 2,018 கோடி ரூபாய் என்று வங்கி காட்டியிருந்தது; ரிசர்வ் வங்கி மதிப்பிட்டதோ 8,373 கோடி. நான்கு மடங்கு! இந்த வித்தியாசத்தை வங்கியே பங்குச் சந்தைகளுக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது, 2017 அக்டோபரில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுக்கும் இதே போன்ற வித்தியாசம் இருந்தது. டிஎச்எஃப்எல் விஷயத்தில் இருந்த கோளாறு வேறு வகை. குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் திரட்டி, இருபது ஆண்டு வீட்டுக்கடன்களாகக் கொடுப்பதில் உள்ள ஆபத்து அது. கொடுத்த கடன் திரும்ப வர ஆண்டுகள் ஆகும். வாங்கிய கடனோ சில மாதங்களில் கழுத்தைப் பிடிக்கும். ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் அந்தச் செப்டம்பரில் தவணை தவறியதும், கடன் பத்திரச் சந்தையில் பயம் பரவியது; டிஎச்எஃப்எல் பத்திரங்களை ஒரு மியூச்சுவல் ஃபண்ட் விலை குறைத்து விற்ற செய்தியே அந்த வெள்ளிக்கிழமை சரிவைத் தூண்டியது. கடன் கொடுத்தவர்கள் வெளியேறும் வேளையில், அதே நிறுவனத்தின் பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று உள்ளே போவது எவ்வளவு விபரீதம் என்று பார். "இந்த வங்கி சொல்லும் கணக்கை நம்ப முடியவில்லை", "இந்த நிறுவனம் அடுத்த ஆறு மாதத்தில் பெரிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்" என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தவர், 42 சதவீதச் சரிவைத் தள்ளுபடி விற்பனையாகப் பார்த்திருக்க மாட்டார்.

2020 மார்ச்சை நீ எடுத்துக் காட்டுவாய் என்று தெரியும். அந்த ஆண்டு ஜனவரி நடுவில் 12,362 என்று முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. ஓராண்டு கழித்து, 2021 மார்ச் 31 அன்று, 14,690. அன்று துணிந்து வாங்கியவர்கள் பணம் பண்ணினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த உதாரணத்துக்குள்ளேயே இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. பிப்ரவரி 28 அன்றே நிஃப்டி 11,201க்கு இறங்கிவிட்டது. அதைச் சரிவு என்று எண்ணிக் கையிலிருந்ததையெல்லாம் போட்டவர், அடுத்த மூன்றரை வாரங்களுக்குள் இன்னும் 32 சதவீதம் இழப்பதைப் பார்த்தார். பள்ளத்தின் அடி எது என்பது ஏறி வந்த பிறகுதான் தெரியும். இன்னொன்று, நிஃப்டி என்பது ஐம்பது நிறுவனங்களின் தொகுப்பு. தேறாத நிறுவனம் அதிலிருந்து நீக்கப்படும், வேறொன்று உள்ளே வரும். யெஸ் வங்கியே அந்த மார்ச் மாதத்தில் நிஃப்டியிலிருந்து வெளியேற்றப்பட்டதுதான். ஆகவே தொகுப்பு மீண்டு வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. தனிப் பங்கு மீண்டு வரும் என்று நம்புவதற்கு அந்த ஆதாரத்தைக் கடன் வாங்கக் கூடாது. உங்கள் குழுவில் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் பேசுகிறார்கள் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது.

குழுவைப் பற்றிச் சொல்கிறேன். ஏழெட்டுத் தலைகள் ஒரு தலையைவிட மேல் என்பது பல காரியங்களில் சரி. பங்கு தேர்வில் அது சரியா என்று பிராட் பார்பர், டெரன்ஸ் ஒடியன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1991 முதல் 1997 தொடக்கம் வரை 166 முதலீட்டுக் குழுக்களின் கணக்குகளை அலசினார்கள். செலவு போக ஒரு சராசரிக் குழு ஆண்டுக்கு 14.1 சதவீதம் ஈட்டியது. அதே காலத்தில் சந்தையின் மொத்த ஏற்றம் ஆண்டுக்கு 17.9 சதவீதம். பத்தில் ஆறு குழுக்கள் சந்தையைவிடப் பின்தங்கின. வாங்கி விற்கும் செலவு ஒரு காரணம். அவர்கள் சிப் ஹீத் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து செய்த பின்னாளைய ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது: நான்கு பேர் முன்னால் எளிதாகச் சொல்லத் தக்க காரணம் உள்ள பங்குகளையே குழுக்கள் அதிகம் நாடின. பேர் பெற்ற நிறுவனம், பத்திரிகைப் பட்டியலில் வந்த நிறுவனம் என்று. சொல்ல எளிதான காரணம் எல்லோருக்கும் எட்டிவிட்ட காரணம்; அது ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. கடன் எப்போது முதிர்கிறது, வசூல் ஏன் இழுக்கிறது, நிறுவனர்கள் தங்கள் பங்கை எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பவையெல்லாம் தேநீர் இடைவேளையில் சொல்லி முடிகிற காரணங்கள் இல்லை. அதனால் அவை பேச்சில் வராமலே போகின்றன.

"எங்கள் குழு இதுவரை லாபத்தில்தான் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பெண்கள் சேர்ந்து நடத்திய ஒரு முதலீட்டுக் குழு 1990களில் மிகுந்த புகழ் பெற்றது. பத்தாண்டுகளில் ஆண்டுக்கு 23.4 சதவீதம் ஈட்டியதாக அவர்கள் சொன்னார்கள். எழுதிய புத்தகமும் அமோகமாக விற்றது. 1998இல் தணிக்கை செய்து பார்த்தபோது உண்மையான ஈட்டம் ஆண்டுக்கு 9.1 சதவீதம் என்று தெரிந்தது. உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட சந்தாப் பணத்தையும் லாபத்தோடு சேர்த்து எண்ணிவிட்டார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை, நல்லவர்கள், கவனமானவர்கள்தான். மாதம் ஐயாயிரம் போட்டுக்கொண்டே இருக்கும் கணக்கில் கடைசித் தொகை பெரிதாகத்தான் தெரியும். போட்ட தேதி, போட்ட தொகை, தரகு, வரி எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்டு, அதே தேதிகளில் அதே பணத்தை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதினால்தான் "லாபம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும்.

பங்கின் பெயர் எங்கிருந்து குழுவுக்குள் வருகிறது என்பதையும் கேட்டுப் பார். நண்பர் சொன்னார், அவருக்கு யார் சொன்னார்? சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்களை 2022இல் சில யூடியூப் காணொளிகள் பரப்பின. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2023 மார்ச்சில் வெளியிட்ட உத்தரவின்படி, இரண்டாயிரம் சொச்சமாக இருந்த சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை ஐம்பத்தையாயிரத்தைத் தாண்டியது. அந்த ஏற்றத்தில் விற்று வெளியேறியவர்களில் நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரர்களும் இருந்தார்கள். ஐம்பதாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் காணொளி வழியாக நேரடியாக வந்ததா, நம்பிக்கையான ஒரு நண்பரின் வாய்வழி வந்ததா என்று யாருக்கும் தெரியாது. நண்பரின் நல்லெண்ணம் அவர் சொல்லும் செய்திக்கு உத்தரவாதம் ஆகாது.

சின்னத் தொகைதானே, கற்றுக்கொள்ளும் கட்டணமாக இருக்கட்டும் என்ற வாதம் ஒன்று பாக்கி. இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். அன்றன்றைக்கே வாங்கி விற்கும் இன்ட்ராடே வியாபாரத்தில் 2022-23இல் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டதாக 2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் 80 சதவீதம். அனுபவம் தானாகப் பாடம் சொல்லித் தருமானால், 500 முறை செய்தவர்கள் மற்றவர்களைவிடத் தேறியிருக்க வேண்டும். ஏன் வாங்கினோம் என்று எழுதி வைக்காவிட்டால், லாபம் வந்தால் அறிவு என்றும் நஷ்டம் வந்தால் நேரம் என்றும் மனம் சொல்லிக்கொண்டு போய்விடும். தவறான காரணத்துக்கு வாங்கிய பங்கும் ஏறும், சரியான காரணத்துக்கு வாங்கியதும் இறங்கும். எழுத்து இல்லாமல் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கட்டணம் கட்டியும் பாடம் கிடைக்காது.

குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. குழுவில் பேசும் பொருளை மாற்றுங்கள் என்கிறேன். யாராவது ஒரு பெயரைச் சொன்னால், அதனோடு ஒரு தாளும் வர வேண்டும்: நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன், எப்போது கட்ட வேண்டும், காட்டிய லாபம் பணமாக உள்ளே வந்ததா, என்ன விலைக்கு வாங்கலாம், எது நடந்தால் நம் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொண்டு விற்றுவிடுவோம். ஆண்டறிக்கையும் காலாண்டு அறிக்கைகளும் தரச்சான்று நிறுவனங்களின் குறிப்புகளும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இன்னொருவர் அந்தத் தாளில் ஓட்டை தேடட்டும். ஏழு பேர் கூடியிருப்பதன் உண்மையான பயன் அந்த ஓட்டை தேடுவதில்தான் இருக்கிறது. இவ்வளவு வேலை செய்ய மனமோ நேரமோ இல்லாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். சரிவுக்காகக் காத்திருக்கும் சுமையும் தீரும்.

உன் பட்டியலில் பதினான்கு பங்குகள் இருப்பதாகச் சொன்னாய். அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள், இன்னும் விழாத ஒன்றாக இருக்கட்டும். மேலே சொன்ன தாளை உன் கையால் எழுதி, தேதி போட்டு எனக்கு அனுப்பு. பங்கின் விலை இன்று என்ன என்பதை மட்டும் அதில் எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்