மாற்றுச் சிறுநீரகமும் மறக்கக் கூடாத மாத்திரையும்

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தபோது, மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று. சிறுநீரகம் கொடுத்தவர் அம்மா.

1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே வெற்றிகரமாக ஒரு சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். ஆகவே உடல் அதை எதிர்க்கவில்லை. மற்றவர்களுக்கு அப்படியல்ல. புது உறுப்பை அந்நியப் பொருள் என்றே உடல் தாக்கும். அதைத் தடுப்பவைதான் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள். அந்தச் சிறுநீரகம் உழைக்கும் காலம் முழுவதும் இவற்றைச் சாப்பிட வேண்டும்.

அப்பாவுக்கு வலது அடிவயிற்றில் பொருத்தினார்கள். பழைய இரண்டையும் எடுக்கவில்லை. முதல் நாட்களில் மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்தார்கள். நலமாக வீடு திரும்பினார்.

மூன்றாம் மாதம், "உடம்புதான் நல்லா இருக்கே, எதுக்குடா இத்தனை மாத்திரை?" என்று நான்கு நாள் நிறுத்திவிட்டார். வலியில்லை, காய்ச்சலில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் 1.2 இருந்த கிரியாட்டினின் 2.1 ஆகியிருந்தது! மறுபடி ஆஸ்பத்திரி, மூன்று நாள் ஊசி. "நான் குடுத்ததை வீணாக்கிடாதீங்க" என்றார் அம்மா. 1.5-க்கு இறங்கியது, பழைய 1.2 திரும்பவில்லை.

தவறு என்னுடையதும்தான். எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அதன்பின் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன்:

1. காலை 8, இரவு 8: மாத்திரை தவறக் கூடாது.
2. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை.
3. காய்ச்சல், சிறுநீர் குறைவு, கால் வீக்கம், பொருத்திய இடத்தில் வலி: உடனே ஆஸ்பத்திரி.
4. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கூடாது.
5. கொதித்து ஆறிய தண்ணீர்; கூட்டத்தில் முகக்கவசம்.

பம்ப்செட் மெக்கானிக்கான அப்பாவிடம், "பேரிங்குக்குச் சத்தம் வந்தப்புறமா கிரீஸ் வைப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

நண்பர்களே, வீட்டில் படித்தவர் நாம் ஒருவர்தான் என்றால், சீட்டைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் காரணத்தையும் சொல்லுங்கள்.